கீறல் எங்கே போகிறது?

ஒரு கீறலை அழிக்க முடியுமா?

"ஏன் முடியாது, பாலிஷ் போட்டா போயிடும்" என்று உடனே பதில் சொல்லிவிடலாம். ஆனால் இயந்திரப் பொறியியல் படிக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், முடியாது. கீறல் என்பது ஒரு பள்ளம். பள்ளத்தை யாரும் எடுத்து வெளியே போட முடியாது. அதைச் சுற்றியிருக்கும் மேட்டை, பள்ளத்தின் அடிமட்டம் வரைக்கும் தேய்த்து இறக்கலாம். அவ்வளவுதான் செய்ய முடியும். கீறல் போய்விட்டது என்று நாம் சந்தோஷப்படும்போது, போனது அதைச் சுற்றியிருந்த நல்ல உலோகம்.

இதை ஏன் நம் இதழில் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது.

அம்பாங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் எனக்கு ஒரு சின்ன மேசை உண்டு. அதன்மேல் ஒரு கை மோட்டார், பல நம்பர் உப்புத்தாள், வைரத்தூள் பசை, பழைய பனியன் துணி. எல்லாம் கல்லூரி புராஜெக்ட்டுக்காக வாங்கியவை. எப்படியோ தாமானில் செய்தி பரவிவிட்டது. "தம்பி வாட்ச் பாலிஷ் போடுவானாமே" என்று ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். முதல் சம்பளத்தில் வாங்கியது, கல்யாணத்துக்கு மாமனார் போட்டது, தவணையில் வாங்கி இன்னும் கட்டி முடிக்காதது என்று பல வகை. ஜாலான் அம்பாங் வழியே நேராகப் போனால் கே.எல்.சி.சி. அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் பத்தாயிரம், இருபதாயிரம் வெள்ளி கடிகாரங்கள் பளபளவென்று உட்கார்ந்திருக்கின்றன. நம் வயதுப் பிள்ளைகள் பலருக்கு அதில் ஒன்று கையில் ஏறுவதுதான் 'வாழ்க்கையில செட்டில் ஆயிட்டோம்' என்பதற்கு அடையாளம். அந்த அடையாளத்தில் ஒரு கோடு விழுந்தால் மனசிலும் ஒரு கோடு விழுகிறது. உடனே தேய்க்கத் தோன்றுகிறது.

தேய்ப்பது தப்பா? என் பொருள், என் காசு, என் கை. இதில் தர்ம நியாயம் எங்கே வந்தது? வருகிறது என்றுதான் நான் நினைக்கிறேன். கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

உலோகத்தின் கணக்கு

முதலில் வேலை எப்படி நடக்கிறது என்று தெரிய வேண்டும். தெரியாமல் நியாயம் பேசக் கூடாது.

பெரும்பாலான உயர்தர எஃகு கடிகாரங்களின் உடல் 316எல் என்ற துருப்பிடிக்காத எஃகு. ரோலக்ஸ் 904எல் வகையைப் பயன்படுத்துகிறது. இரண்டும் துருவைத் தாங்கும். கீறலை அவ்வளவு தாங்காது. காற்றில் பறக்கும் தூசியிலேயே மணல் துகள் இருக்கிறது. அந்த மணல் எஃகைவிடக் கடினம். அதனால் சட்டைக் கையில் ஒட்டிய தூசிகூட மெல்லிய கோடு போட்டுவிடும். முன்பக்கக் கண்ணாடி வேறு கதை. இன்றைய விலையுயர்ந்த கடிகாரங்களில் இருப்பது நீலக்கல் கண்ணாடி. மோஸ் கடினத்தன்மை அளவில் அது 9, வைரம் 10. பற்பசை போட்டுத் தேய்த்தால் அதில் ஒன்றும் நடக்காது. பழைய பிளாஸ்டிக் கண்ணாடிக்கு மட்டும்தான் பற்பசை வைத்தியம் பலிக்கும்.

இப்போது உடலுக்கு வருவோம். ஒரு கீறல் 20 மைக்ரான் ஆழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. அதைக் காணாமல் ஆக்க, அந்தப் பக்கம் முழுவதும் 20 மைக்ரான் இறங்க வேண்டும். ஒரு தடவை என்றால் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை, பத்து தடவை என்று கணக்குப் போடுங்கள். செயின் மாட்டும் காதுகள் மெலியும். கூராக நின்ற விளிம்பு உருண்டுவிடும். தொழிற்சாலையில் சாய்வாகச் செதுக்கிய மெல்லிய ஓரம் மறைந்தே போகும். வேகமாகச் சுற்றும் மோட்டாரில் பஞ்சுச் சக்கரத்தைப் போட்டு அழுத்தினால், இந்தச் சேதம் ஒரே சாயங்காலத்தில் நடந்துவிடும். சக்கரத்துக்கு மேடு பள்ளம் தெரியாது. முனையைத்தான் முதலில் தின்னும்.

தங்க முலாம் பூசிய கடிகாரம் என்றால் நிலைமை இன்னும் மோசம். பழைய கடிகாரங்கள் சிலவற்றில் முலாம் '20 மைக்ரான்' என்று பெருமையாகப் பொறித்திருப்பார்கள். மேலே நாம் கணக்குப் போட்ட கீறலும் அதே 20 மைக்ரான். அதாவது கீறலைத் தேய்த்து முடிக்கும்போது தங்கமும் முடிந்திருக்கும்.

ஆக முதல் பாடம்: மெருகுக்கு விலை உண்டு. அந்த விலையைப் பொருளே தன் உடம்பிலிருந்து கட்டுகிறது.

ஒழுங்கான கீறல், ஒழுங்கில்லாத கீறல்

இன்னொன்று கவனித்தீர்களா? கடிகாரத்தின் எல்லாப் பக்கமும் கண்ணாடி மாதிரி மின்னுவதில்லை. சில பக்கங்கள் மங்கலாக, பட்டுத் துணி போல, ஒரே திசையில் மெல்லிய கோடுகளோடு இருக்கும். உருப்பெருக்கியில் அதைப் பாருங்கள். அவை என்ன? ஆயிரக்கணக்கான கீறல்கள்! தொழிற்சாலையிலேயே உப்புத்தாள் பட்டையில் தேய்த்துப் போட்ட கீறல்கள்தான். எல்லாம் ஒரே திசையில் போவதால் அதற்கு 'டிசைன்' என்று பெயர். நடுவில் ஒரு கோடு குறுக்கே போனால் 'ஐயோ, கீறல்!'

கண்ணாடிப் பளபளப்பும் இதே கதைதான். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் சுமார் 0.4 முதல் 0.7 மைக்ரான். கீறல்களை அதைவிடச் சின்னதாக்கிவிட்டால் ஒளி சிதறாமல் நேராகத் திரும்புகிறது. நாம் அதை மினுக்கம் என்கிறோம். 400 நம்பர் தாளின் கீறலை 800 நம்பர் கீறல் மறைக்கிறது, அதை 2000 நம்பர் மறைக்கிறது, அதை வைரப்பசை மறைக்கிறது. கடைசி வரைக்கும் கீறல்தான். சின்னதாகிக்கொண்டே போகிறது.

இந்த ஊர்க்காரர்களுக்கு உலோக வேலை புதிதில்லை. 1857-ல் ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனத் தொழிலாளர்கள் வெள்ளீயம் தேடிக் காட்டுவழியே வந்தது இந்த அம்பாங்குக்குத்தான். ஒரே மாதத்தில் காய்ச்சல் 69 பேரைக் கொண்டுபோனது. அப்படித் தோண்டிய ஈயத்தின் பின்கதை ஒன்று செத்தாப்பாக்கில் இருக்கிறது. 1885-ல் யோங் கூன் என்பவர் தொடங்கிய பட்டறைதான் இன்று ராயல் சிலாங்கூர். பள்ளிக்கூடச் சுற்றுலாவில் பலர் போயிருப்பீர்கள். அங்கே ஈயக் கலவைக் கோப்பைக்கு மெருகேற்ற, சொரசொரப்பான ஒரு காட்டு இலையைக் காயவைத்துப் பயன்படுத்துவதைக் காட்டுவார்கள். அந்த இலையும் கீறத்தான் செய்கிறது. மிக மென்மையாக, ஒழுங்காகக் கீறுகிறது.

அங்கே மெருகு என்பது ஒரு பொருளைச் செய்து முடிக்கும் கடைசிப் படி. யாரையும் அது ஏமாற்றவில்லை. ஆகவே தேய்ப்பது என்ற செயலிலேயே பாவம் இல்லை. மெருகு போட்ட எதுவும் பொய் என்று சொன்னால் உலகத்தில் பாதிப் பொருள் பொய்யாகிவிடும். கேள்வியை வேறு இடத்தில் தேட வேண்டும்.

சேர்ந்தது எது, இருப்பது எது?

சமய வகுப்புக்குப் போனவர்களுக்கு இந்த உவமை ஞாபகம் இருக்கும். உயிரில் ஆணவ மலம் எப்படி இருக்கிறது என்று விளக்க, செம்பில் களிம்பு என்பார்கள். களிம்பு செம்போடு கூடவே இருக்கிறது, ஆனாலும் களிம்பு செம்பு ஆகாது. அதை நீக்கினால் செம்புக்கு நஷ்டம் இல்லை, விளக்கம்தான்.

இதை என் மேசைக்குக் கொண்டுவந்து பார்த்தேன். பயன்பட்டது. கடிகாரத்தில் 'கீறல்' என்று கொண்டு வருகிறவற்றில் மூன்று வகை இருக்கிறது. ஒன்று அழுக்கு: வியர்வை, சோப்பு, தூசி சேர்ந்து இறுகிய கோடு. இரண்டு, வேறு உலோகத்தின் பூச்சு: மென்மையான உலோகம் உரசும்போது அது தன் துகளை எஃகின்மேல் விட்டுப் போகிறது, பார்க்கக் கீறல் போலவே இருக்கும். மூன்றாவதுதான் உண்மையான கீறல், எஃகே போன இடம். முதல் இரண்டும் மேலே வந்து சேர்ந்தவை. நீர்புகாத கடிகாரம்தானா, சாவித் திருகு நன்றாக மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் சோப்பு, மென்மையான பிரஷ் கொண்டு கழுவினால் அழுக்கு முழுக்கப் போய்விடும். பூச்சும் மெல்லத் துடைக்கத் துடைக்க வந்துவிடும். மெருகு கேட்டு வந்தவர்களில் எத்தனையோ பேர் கழுவியதைப் பார்த்துவிட்டே "அட, போதும்லா, புதுசு மாதிரி ஆயிடுச்சு" என்று வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

சேர்ந்ததை எடுப்பது வேறு, இருப்பதை எடுப்பது வேறு. இந்த வித்தியாசம் மறந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டுக் கோயில்களே சாட்சி. திருப்பணி என்ற பெயரில், கருங்கல் சுவர்களில் படிந்த பழைய சுண்ணாம்பையும் எண்ணெய்க் கறையையும் எடுக்க, பல கோயில்களில் அழுத்தக் காற்றோடு மணலைப் பீய்ச்சினார்கள். சுவர் பளிச்சென்று ஆனது. ஆனால் மணலுக்கு எது கறை, எது கல் என்று தெரியாது. என் மோட்டார் சக்கரம் மாதிரிதான். சிற்பத்தின் நுணுக்கமான தோலும் கல்வெட்டு எழுத்தின் ஓரமும் சேர்ந்தே தேய்ந்தன. கல்வெட்டு ஆய்வாளர்களும் பக்தர்களும் கடுமையாக எதிர்த்தார்கள். யோசித்துப் பாருங்கள், கல்வெட்டு என்பதே கல்லின்மேல் வேண்டுமென்று போட்ட கீறல். யார் நிலம் கொடுத்தார், யார் விளக்கு வைத்தார் என்ற கணக்கு எல்லாம் அந்தக் கீறலில்தான் இருக்கிறது. பழங்காலக் கோயில்கள், சிலைகள் பாதுகாப்பு தொடர்பாகச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் 7-ஆம் தேதி 75 உத்தரவுகள் போட வேண்டிய அளவுக்கு இந்தத் துறையில் பிரச்சினைகள் சேர்ந்திருந்தன.

மறுபக்கம் ஸ்ரீரங்கம். அங்கே திருப்பணியில் பிற்காலத்தில் ஒட்ட வைத்த கட்டுமானங்களை அகற்றினார்கள், மழைநீர் போகும் பழைய வழிகளை மீட்டார்கள், பழைய கட்டுமான முறையிலேயே பழுது பார்த்தார்கள். 2017-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதுகளில் ஒன்று அந்தக் கோயிலுக்குக் கிடைத்தது. இரண்டு இடத்திலும் நோக்கம் ஒன்றுதான், கோயில் பழையபடி விளங்க வேண்டும். ஒரு இடத்தில் சேர்ந்ததை எடுத்தார்கள். இன்னொரு இடத்தில் இருந்ததையும் சேர்த்து எடுத்தார்கள்.

புதுப்பிப்பது நம் மரபுக்கு விரோதம் இல்லை. பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் செய்கிற சமுதாயம் நாம். ஆனால் அதை ஊருக்கே பத்திரிகை அடித்து, நாள் குறித்து, மேளம் கொட்டி, எல்லாருக்கும் தெரியத்தான் செய்கிறோம். யாருக்கும் தெரியாமல் ராத்திரியில் புதுப்பிப்பதில்லை. இந்த 'எல்லாருக்கும் தெரிய' என்பதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாமாவும் ஒரு குதிரையும்

இதுவரைக்கும் பேசியது நம்முடைய பொருளை நாமே வைத்துக்கொள்ளும்போது. விற்கப் போகிறோம் என்றால்?

போன வருடம் பெரிய மாமா வந்தார். தொழிற்சாலையில் டெக்னீஷியனாக இருந்தவர். ஆள் குறைத்தபோது அவர் பெயரும் அதில் வந்தது. மகளுக்குத் தனியார் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. முதல் செமஸ்டர் பணத்தில் துண்டு விழுந்தது. நல்ல காலத்தில் போனஸ் பணத்தில் வாங்கிய ஒரு சுவிஸ் கடிகாரம் இருந்தது. அதை விற்க முடிவு செய்தார். விசாரித்த இடத்தில், "அடி ஏதும் இல்லாம இருந்தா எட்டாயிரம் வெள்ளி போகும்" என்றார்களாம். ஆனால் வலது பக்கக் கீழ்க் காதில் நல்ல அடி ஒன்று இருந்தது. மழையில் மோட்டார் சைக்கிளோடு விழுந்தபோது பட்டது. நகம் வைத்தால் நகம் மாட்டும் ஆழம்.

"இதை மட்டும் எடுத்துக் குடுடா தம்பி. வெளியில குடுத்தா காசு கேப்பாங்க."

"எடுக்கலாம் மாமா. ஆனா காது மெலிஞ்சிடும், ஓரத்துல இருக்கிற சாய்வும் போயிடும். மறுபக்கக் காதோட ஒப்பிட்டா தெரியும். வாங்குறவங்ககிட்ட சொல்லிடுவீங்களா?"

"யாராவது கேட்டா சொல்லிக்கலாம்லா. கேக்காதவன்கிட்ட நாமளா ஏன் போய்ச் சொல்லணும்?"

மாமா பொய் பேசுகிற மனிதர் இல்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. நாம் எல்லாரும் ஏதோ ஒரு நேரத்தில் கேட்கிற கேள்விதான். சும்மா இருப்பது பொய்யாகுமா?

எங்கள் பொறியியல் படிப்பில் சட்டத்துக்கும் ஒரு பாடம் உண்டு. மலேசியாவின் ஒப்பந்தச் சட்டம் 1950, பிரிவு 17, மோசடி என்றால் என்ன என்று சொல்கிறது. இந்தியாவின் 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்திலும் இதே எண்ணில் இதே பிரிவு இருக்கிறது. அதில் ஒரு குதிரைக் கதை வருகிறது. ஒருவர் தன் குதிரைக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்தே ஏலத்தில் விற்கிறார், ஒன்றும் சொல்லவில்லை. இது மோசடியா? இல்லை என்கிறது சட்டம். வெறும் மௌனம் மோசடி ஆகாது. அடுத்த உதாரணம்: வாங்குவது அப்போதுதான் வயதுக்கு வந்த அவருடைய சொந்த மகள். இப்போது? இப்போது சொல்லத்தான் வேண்டும் என்கிறது அதே சட்டம். உறவு அந்தக் கடமையைக் கொண்டுவருகிறது.

இன்னொன்றும் அதே பிரிவில் இருக்கிறது. தெரிந்த உண்மையை முனைந்து மறைத்தால் அது மோசடிதான். இங்கேதான் மெருகு மௌனத்திலிருந்து பிரிகிறது. குதிரைக்காரர் சும்மா நின்றார். அடியைத் தேய்த்து எடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்பவர் சும்மா நிற்கவில்லை; கை வேலை செய்திருக்கிறது. வாங்குகிறவர் கேட்க வேண்டிய கேள்வியையே அந்தக் கை அழித்துவிட்டது. அடி கண்ணில் பட்டால்தானே "இது என்ன?" என்று கேட்பார்? நான் வழக்கறிஞன் இல்லை, நீதிமன்றம் ஒரு கடிகாரக் காதைப் பற்றி என்ன தீர்ப்பு சொல்லும் என்று பேச வரவில்லை. நியாயம் எங்கே நழுவுகிறது என்பதற்கு இது போதும்.

குதிரைக் கதையை மாமாவிடம் சொன்னேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மகளா இருந்தா மட்டும்தான் சொல்லணுமா? அப்ப மத்தவன் புள்ளைங்க?" என்றார்.

சட்டம் எங்கே நிற்கிறதோ அதற்கு அடுத்த அடியை அவர் எடுத்து வைத்துவிட்டார். வள்ளுவர் வியாபாரத்தைப் பற்றிச் சொன்னதைப் பொருள் சேர்க்கும் அதிகாரத்தில் வைக்காமல், நடுவுநிலைமை அதிகாரத்தில் வைத்தார். பிறர் பொருளையும் தன் பொருள் போல நினைப்பதுதான் வாணிகம் என்பது அதன் கருத்து. வாங்குகிறவர் கையில் போகும் கடிகாரத்தையும், என் கையிலேயே இருக்கப் போகிறது போல நினைத்துப் பார்க்க வேண்டும். அப்படி நினைத்தால், அந்த அடியைப் பற்றி எனக்குத் தெரிந்திருக்க வேண்டுமா வேண்டாமா?

கடைசியில் கடிகாரத்தைக் கழுவினேன். செயின் பூட்டில் மேசை உரசிய மெல்லிய கோடுகளை மட்டும், பழைய திசையிலேயே, கையால் தேய்த்துச் சரி செய்தேன். அடியைத் தொடவில்லை. மாமா விளம்பரத்தில் இரண்டையும் எழுதினார்: கீழ்க் காதில் அடி இருக்கிறது, பூட்டு வீட்டில் மெருகேற்றியது. பார்க்க வந்த முதல் ஆள் அடியைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். இரண்டாவதாக வந்த ஒரு இளைஞர் பேரம் பேசி 6,800 வெள்ளிக்கு எடுத்துக்கொண்டார்.

நேர்மைக்கு நல்ல விலை கிடைத்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். கிடைக்கவில்லை. 1,200 வெள்ளி குறைந்தது. அது மாமாவுக்குச் சின்னத் தொகை இல்லை. "நிம்மதியாத் தூங்கினேன்னு எல்லாம் சொல்ல மாட்டேன்டா. அந்தக் காசு எனக்கு வேணும்தான். ஆனா அது என் காசு இல்ல" என்றார். தர்மம் லாபம் தரும் என்று மேடையில் பேசுகிறவர்களைவிட இந்த வார்த்தை எனக்கு அதிகம் சொல்லித் தந்தது.

கீறலும் பொய் சொல்லும்

அப்படியானால் மெருகு பொய், கீறல்தான் உண்மையா? அவசரப்பட வேண்டாம். பழைய கடிகாரச் சந்தையில் இப்போது 'மெருகு படாதது' என்பதற்குத்தான் விலை. அதனால் புதிய முள்ளையும் முகப்பையும் வேண்டுமென்றே மஞ்சளாக்கி, பழசு போலக் காட்டி விற்பவர்களும் இருக்கிறார்கள். கீறலையும் போலியாகச் செய்ய முடியும்.

இந்தியாவிலிருந்து வரும் பழைய எச்.எம்.டி., சீக்கோ கடிகாரங்களில் ஒரு வகைக்குச் சேகரிப்பாளர்கள் 'மும்பை ஸ்பெஷல்' என்று கேலிப் பெயர் வைத்திருக்கிறார்கள். உடலை நன்றாகத் தேய்த்து, முகப்புக்குப் புது வர்ணம் அடித்து, பல கடிகாரங்களின் பாகங்களைச் சேர்த்து ஓட வைத்தது. சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து 1961-ல் பெங்களூரில் கடிகாரம் செய்யத் தொடங்கிய எச்.எம்.டி., சாதாரண இந்தியக் குடும்பத்தின் கையில் நேரத்தைக் கட்டிய நிறுவனம். குப்பைக்குப் போக வேண்டிய அந்தக் கடிகாரத்தை ஒரு தொழிலாளி உட்கார்ந்து மறுபடி ஓட வைப்பது நல்ல காரியம், அதில் தப்பே இல்லை. 'சரி செய்தது' என்று சொல்லி விற்றால் அது அவருடைய திறமை. 'அசல், தொடாதது' என்று விற்றால் அதே கடிகாரம் பொய்யாகிறது. பொருள் மாறவில்லை. பக்கத்தில் வைத்த வார்த்தைதான் மாறியது.

நியூயார்க்கில் 2017 அக்டோபர் 26-ஆம் தேதி நடிகர் பால் நியூமனின் ரோலக்ஸ் டேட்டோனா ஏலத்துக்கு வந்தது. ஒரு கோடியே 77 லட்சம் அமெரிக்க டாலருக்கு மேல் போனது. அதன் பின்மூடியில், கார்ப் பந்தய ஆசை கொண்ட கணவனுக்கு மனைவி ஜோவான் வுட்வார்ட், கவனமாக ஓட்டும்படி ஒரு வரி பொறித்துக் கொடுத்திருந்தார். அதுவும் எஃகில் போட்ட கீறல்தான். யாராவது அதைப் பளபளவென்று தேய்த்துக் கொடுத்திருந்தால்? எந்தக் கோடு அழுக்கு, எந்தக் கோடு எழுத்து என்று சக்கரத்துக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள வேண்டியது சக்கரத்தைப் பிடித்திருக்கும் கை.

தேய்ப்பதற்கு முன்

நம் வயதில் இன்னொரு மெருகு வேலையும் நடக்கிறது. வேலைக்குப் போடும் ரெசுமே. கல்யாணத்துக்குப் போடும் போட்டோ. ஒரு செமஸ்டர் தோற்றது, ஒரு வருடம் சும்மா இருந்தது, வீட்டுக் கஷ்டத்துக்காக இரவில் கடையில் நின்றது என்று எல்லாவற்றையும் தேய்த்து, ஒரே திசையில் கோடு போட்டு, எல்லாரும் ஒரே மாதிரி மின்னுகிறோம். குறுக்கே போன கோட்டைக் கண்டுதான் நமக்கு வெட்கம். மேலே ஒட்டிய அழுக்கைக் கழுவுங்கள், தப்பில்லை. ஆனால் எதைத் தேய்க்கிறோம், யாரிடமிருந்து மறைக்கத் தேய்க்கிறோம் என்று பார்த்துவிட்டுத் தேய்க்க வேண்டும்.

என் மேசைக்கு யார் வந்தாலும் இப்போது நான்கு கேள்வி கேட்கிறேன். உங்கள் கையில் துணியும் பசையும் இருந்தால் நீங்களும் கேட்டுப் பாருங்கள்.

முதல் கேள்வி, இது சேர்ந்ததா, இருப்பதா? முதலில் கழுவிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இரண்டாவது, இதை எடுக்க எவ்வளவு போகும்? நகம் மாட்டும் ஆழம் என்றால் வீட்டில் தொடாதீர்கள். முலாம் என்றால் எந்த ஆழத்திலும் தொடாதீர்கள். பழுது பார்க்கக் கொடுக்கும் இடத்தில் கேட்காமலே மெருகேற்றிவிடுவதும் உண்டு. வேண்டாம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது, எனக்குப் பிறகு இது யாருக்குப் போகும்? நாளைக்குத் தம்பி கட்டப் போகிற கடிகாரம் என்றால், இன்று நான் தேய்க்கும் உலோகத்தில் அவனுக்கும் பங்கு இருக்கிறது.

நான்காவது, செய்ததை வாய்விட்டுச் சொல்ல முடியுமா? "இது வீட்டில் மெருகேற்றியது" என்று வாங்குகிறவரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடிந்தால் தாராளமாகத் தேய்க்கலாம், அழகாகவே தேய்க்கலாம். சொல்ல முடியாது என்று தோன்றினால், அப்போதே துணியைக் கீழே வைத்துவிடுங்கள்.